பழைய மேசையும் புதிய படிப்பும்

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில், நம் புனே நகரில் மாணவர் வாழும் தெருக்களின் வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். தேர்வுகள் முடிந்திருக்கும், அறைகள் காலியாகிக்கொண்டிருக்கும், மாடிப்படிகளின் கீழே சாமான்கள் குவிந்து கிடக்கும். கால் ஒடிந்த மேசை ஒன்று. மூலை ஊதிப்போன புத்தக அலமாரி ஒன்று. கதவு தொங்கும் துணிப் பெட்டி ஒன்று. இவையெல்லாம் சென்ற ஆண்டு அட்டைப் பெட்டிகளில் பளபளவென்று வந்து இறங்கியவை. ஒரே ஒரு மழைக்காலம் அவற்றின் ஆயுளை முடித்துவிட்டது.

இதே ஊரில் ஐம்பது மழைக்காலங்களைக் கண்டும் ஆடாமல் நிற்கும் தேக்கு மேசைகள் இருக்கின்றன. மேலே அழுக்குப் படிந்துவிட்டது, மெருகு மங்கிவிட்டது என்ற ஒரே குற்றத்துக்காக அவை பழஞ்சாமான் கடைக்குப் போகின்றன. புதுமையின் பெயரால் தூளைப் போற்றுகிறோம். பழமையின் பெயரால் மரத்தைத் தள்ளுகிறோம். இது என்ன கணக்கு, நண்பர்களே?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க வந்த நாம் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு பழைய மரச்சாமானையாவது நம் கையாலேயே துடைத்து, தேய்த்து, மெருகிட்டுப் பயன்படுத்த வேண்டும். பணம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் நான் இதை வற்புறுத்துவது பணத்துக்காக மட்டும் அன்று.

“இதற்காகவா பல்கலைக்கழகத்துக்கு வந்தோம்? உப்புத்தாள் பிடிக்கவா ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் வந்தோம்?” என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வியில் ஒளிந்திருக்கும் எண்ணத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அதற்குப் பின்னர் வருகிறேன். முதலில் ஒரு மேசையின் கதையைக் கேளுங்கள்.

புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மங்கள்வார் பேட்டைப் பக்கம் கூடும் ஜூனா பஜாரை உங்களில் பலர் அறிவீர்கள். ‘ஜூனா’ என்றால் மராத்தியில் பழையது. துருப்பிடித்த பூட்டு முதல் பித்தளை விளக்கு வரை அங்கே கிடைக்காத பொருள் இல்லை. நானும் என் அறைத்தோழரும் ஒரு ஞாயிறன்று அங்கே ஒரு மேசையைக் கண்டோம். நிறம் கறுப்பு; மேலே தேநீர்க் குவளை வைத்த வட்டங்கள் ஏழெட்டு; ஓர் இழுப்பறைக்குக் கைப்பிடி இல்லை. தூக்கிப் பார்த்தபோது, கனம்தான் அது யார் என்று சொல்லிற்று. கவிழ்த்துப் பார்த்தோம்; அடிப்பக்கம் மெருகேறாத மரம் பொன்னிறமாக இருந்தது. “சாகவான்” என்றார் விற்றவர். தேக்கு! 900 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது.

ஆர்வத்துக்குக் கண் ஏது? அது ஜூலை மாதம். சன்னல் வழியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டே நாளில் பழைய மெருகை உரித்தெடுத்து, புதிய மெருகைப் பூசி, வெற்றி வீரர்களைப்போல் உறங்கினோம். விடிந்து பார்த்தால் மேசை முழுவதும் வெண்ணிறம் பூத்துக் கிடக்கிறது, பால் சிந்தியதுபோல! குற்றவாளி யார் என்று வாதாடினோம். அவர் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைக் குறை சொன்னார்; நான் அவர் கையைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

கீழ் வீட்டு மராத்தியப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். அவரை நாங்கள் “ஆஜோபா” என்று, அதாவது தாத்தா என்று, அழைப்பது வழக்கம். அவர் மேசையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். “பாவூஸ் ஜாவூ தே, பாளா” என்றார். மழை போகட்டும், குழந்தாய்!

தாத்தாவின் அந்த ஒரு வரியில் இயற்பியல் முழுவதும் இருக்கிறது. மெருகு ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கு. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிகிறது. மெருகுக்குள் சிக்கிய நீர் வெண்மையாகத் தெரிகிறது. தீபாவளி கழிந்து காற்று உலர்ந்தபின், சிறிதே ஸ்பிரிட் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தோம். வெண்மை மறைந்தது. அதன்மேல் மெல்லிய பூச்சுகள் நான்கு பூசினோம். இன்று அந்த மேசையில்தான் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இனி, அந்த அரக்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாரதக் கதையில் பாண்டவரைக் கொல்லக் கட்டிய அரக்கு மாளிகையை நாம் பாட்டியின் மடியில் கேட்டறிந்தோம். அதே அரக்குதான் இது. பலாசு, குசும், இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் ஒருவகைச் சிறு பூச்சிகள் மொய்த்து, சாற்றை உறிஞ்சித் தம் உடலைச் சுற்றிப் பிசினைச் சுரக்கின்றன. அதைச் சுரண்டி, கழுவி, உருக்கி, தகடாக இழுத்து உடைத்தால் கடையில் நாம் வாங்கும் செதில். ஒரு கிலோ அரக்குக்கு 50,000 முதல் 3,00,000 பூச்சிகள் வரை வேண்டும் என்று மதிப்பிடுவர். சார்க்கண்டுப் பகுதியின் காட்டு மக்களுக்கு இது வாழ்வு தரும் தொழில். ராஞ்சியில் இதற்கென ஆராய்ச்சி நிலையம் 1924-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. நம் தாத்தாமார் தியாகராஜ பாகவதரைக் கேட்டு மயங்கிய பழைய இசைத்தட்டுகளும் அரக்கைக் கொண்டே ஆனவை. இப்படிப்பட்ட பொருளை ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்ற பெயரில் மட்டும் அறிந்து, அது எங்கிருந்தோ கப்பலேறி வந்தது என்று நினைக்கிறோமே, அது சரியா?

சரி, எப்படித் தொடங்குவது? நான் தவறு செய்து கற்றவன். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் விதி: உரிக்காதே, கழுவு. மங்கிய மரச்சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் மெருகில் இல்லை. மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் புகையிலும்தான் இருக்கிறது. சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பிறகு சிறிது டர்பண்டைன் தொட்டுத் துடையுங்கள். அதற்குள்ளேயே மேசை முகம் தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது. நாங்கள் இதைச் செய்யாமல் உரிக்கப் புகுந்தது முதற்பிழை.

இரண்டாம் விதி: நோயறிந்து மருந்திடு. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு. இளகாவிட்டால் ஒரு சொட்டு தின்னர் வையுங்கள். அதற்கு இளகினால் அது பிற்காலத்து லாக்கர். இரண்டுக்கும் அசையாதிருந்தால் எண்ணெய் வார்னிஷோ பாலியூரித்தேனோ ஆகும். அரக்கானால் நல்ல காலம். பழையதை முழுதும் எடுக்காமலே புதியதை அதன்மேல் பூசலாம். ஒன்றோடொன்று கரைந்து கலந்துவிடும்.

மூன்றாம் விதி: மரத்தின் போக்கில் போ. தேய்க்கத்தான் வேண்டும் என்றால் உப்புத்தாளை மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். 120-ஆம் எண் தாளில் தொடங்கி, 180, 220 என்று ஏற வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது; மெருகு ஏறியதும் ஊரைக் கூட்டிச் சொல்லும். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல் உடைய பலகையானால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். நாலு தேய்ப்பில் உள்ளிருக்கும் ஒட்டுப் பலகை பல்லிளிக்கும்.

நான்காம் விதி: மெல்லப் பூசு, பலமுறை பூசு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 250 கிராம் அரக்குச் செதில் போதும். ஓர் இரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். கரைத்த அரக்கு நாள்பட்டால் சரியாக உலராது. ஆகவே வேண்டிய அளவே கரையுங்கள். பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தொட்டு, ஓடவிட்டு எடுங்கள். கை நடுவில் நின்றால் அங்கே ஒரு தழும்பு நிற்கும்.

ஆபத்துகளையும் மறைக்கமாட்டேன். வண்ணம் பூசிய பழைய சாமானை உலர்ந்தபடி தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். நீர் தொட்டு, முகமூடி அணிந்து தேய்க்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வேலையே வேண்டாம். பூச்சு உரிக்கும் சில மருந்துகளில் மெத்திலீன் குளோரைடு என்னும் நஞ்சு உண்டு. மூடிய அறையில் அதன் ஆவியை மூச்சிழுத்து மாண்டவர் உண்டு. அமெரிக்காவில் அதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019-இல் தடை செய்தார்கள். நம் விடுதிக் குளியலறை அதற்கு இடமன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் அமிழ்த்துங்கள். அரக்கு மாளிகையை நாமே கட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது கைக்குத் தெளித்த கிருமிநாசினியை மேசைக்கும் தெளித்தோம். அதில் இருப்பது ஆல்கஹால்; அரக்கைக் கரைப்பதும் அதுவே. பல வீடுகளில் மேசைகள் மங்கிப்போன காரணம் இதுதான்.

எல்லாப் பழைய பொருளையும் புதிதாக்கிவிட வேண்டும் என்பது என் கட்சியன்று. நேரம் கிடைத்தால் நம் ஊரின் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 1920 அளவில் தொடங்கி ஒரு தனி மனிதர் திரட்டிய செல்வம் அது. கதவுகளும் தூண்களும் பெட்டிகளுமாக மரவேலை நிறைந்தது. அந்தக் கதவுகளின் கறையும் தேய்வும் நூற்றாண்டுகளின் கையெழுத்து. அவற்றை உப்புத்தாளால் தேய்ப்பது ஓலைச்சுவடியைச் சோப்புப் போட்டுக் கழுவுவது போலாகும். காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குச் சாமான்கள் கடைத்தெருவில் விலைக்கு நிற்பதைக் கண்டவர்கள், விற்பனைக்காகத் தடித்த பளபளப்பு ஏற்றிய பெட்டியையும், தன் நிறத்தோடு நிற்கும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது அழகு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரிய பொருளானால் தூசி தட்டி வணங்கி விலகுங்கள். அன்றாடப் பொருளானால் கை வையுங்கள். அப்போதும் ஒரு வடுவையாவது விட்டுவையுங்கள். எங்கள் மேசையில் ஒரு தேநீர் வட்டத்தை அப்படியே விட்டிருக்கிறோம்.

மரத்தின் அருமையை இந்த ஊர் அறியாததன்று. 1730-இல் அடிக்கல் நாட்டிய சனிவார் வாடாவுக்கு ஜுன்னர்க் காட்டுத் தேக்கு வந்தது. 1828-இல் மூண்ட தீ பல நாள் எரிந்து அந்த மரமாளிகை முழுவதையும் உண்டது. இன்று நிற்பது கல்லும் மதிலுமே. தேக்கு ஒரு நாளில் எரியலாம். ஒரு நாளில் வளராது. 1840-களில் நிலம்பூரில் நட்ட தேக்குகளில் சில இன்றும் நிற்கின்றன. நல்ல சாமானுக்குரிய தேக்கு முதிர ஐம்பது ஆண்டுக்கு மேல் வேண்டும். அத்தனை ஆண்டு காத்து வளர்ந்ததை, மங்கியது என்று எறிகிறவன் மரத்தை மட்டுமா எறிகிறான்? காலத்தையும் எறிகிறான்.

இனி, முன்னே நிறுத்திய கேள்விக்கு வருகிறேன். “இதற்காகவா வந்தோம்?” என்று கேட்பவர் மனத்தில் உள்ளது என்ன? கைவேலை இழிவு, அது வேறு யாரோ செய்ய வேண்டியது, அந்த ‘வேறு யாரோ’ பிறப்பால் அதற்கென விதிக்கப்பட்டவர். இந்த எண்ணமே நம் சமுதாயத்தின் பழைய கறை. எந்தத் தின்னருக்கும் இளகாத கறை!

தமிழ்நாடு இதைப் பற்றிப் பெரிய போராட்டமே நடத்தியது. 1953-இல் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றிருந்தது. குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அண்மையில், 2023-இல் மத்திய அரசு கைவினைஞர்க்கென விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை எதிர்த்துத் தமிழ்நாட்டு அரசு 2024-இல் அதை அந்த வடிவில் ஏற்க மறுத்தது. அந்த நிபந்தனை இல்லாத வேறொரு திட்டத்தை வகுத்தது. இரண்டு எதிர்ப்பும் நியாயமானவை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், நண்பர்களே, பாதி வழியில் நின்றுவிட்டோம். தச்சன் மகன் தச்சனாகவே இருக்க வேண்டியதில்லை என்று சொன்னோம், சரி. எழுத்தர் மகனும் உளி பிடிக்கலாம் என்று சொன்னோமா? ஒருவர் தலையில் கட்டிய சுமையை அவிழ்த்தோம். நம் கையில் அதில் ஒரு பங்கை எடுத்தோமா? தொழிலைப் பிறப்பிலிருந்து பிரிப்பதற்கு வழி, தொழிலை விட்டோடுவதன்று. அதை எல்லார்க்கும் உரியதாக்குவதே.

இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. 1910-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கே குடியேறிய சத்தியாக்கிரகிகளில் தமிழர் பலர். சமையலும் செருப்புத் தைத்தலும் தச்சு வேலையும் அங்கே இளைஞர்க்குப் பாடம். கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக் தச்சு கற்பித்தார். பாரிஸ்டர் செருப்புத் தைத்தார்! அந்தக் காலத்துத் தமிழ் இளைஞர் கையில் உளி ஏந்தியதால் அவர் மதிப்புக் குறையவில்லை. நமக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்?

“அப்படியானால் ஆசாரியின் கூலியைப் பறிக்கச் சொல்கிறாயா?” என்று ஓர் அன்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. அனுபவத்திலிருந்து விடை சொல்கிறேன். எங்கள் மேசையின் ஒரு காலில் பொருத்து ஆடிக்கொண்டிருந்தது. அது எங்களால் ஆகாத வேலை. இங்கே ‘சுதார்’ என்று அழைக்கப்படும் தச்சர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பழைய பசையைச் சுரண்டி, மரச் சிம்பு செருகி, அரை மணியில் நிறுத்தினார். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். முன்பானால் பேசியிருப்போம். இரண்டு நாள் மேசையோடு மல்லாடித் தோள் வலித்த பிறகு, அந்த அரை மணிக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்று புரிந்துவிட்டது. வேலை தெரிந்தவனே வேலைக்காரனை மதிப்பான். கூலியைக் குறைப்பது நம் கையன்று, நம் அறியாமை.

தூளையும் பசையையும் அழுத்திச் செய்த மலிவுப் பலகையை வாங்குகிறவரை நான் பழிக்கவில்லை. முதல் மாதச் செலவுக்குத் திண்டாடும் மாணவர் எது மலிவோ அதை வாங்குவார். அந்தப் பலகை நீர் பட்டால் ஊதும், ஊதியது திரும்பாது, அதற்கு மருத்துவம் இல்லை. ஆகவே அது மலிவாகத் தோன்றும் செலவு. நல்ல மரம் பழையதாகக் கிடைக்கும்போது அவருக்கு வழிகாட்ட ஆளில்லை என்பதே குறை. அந்தக் குறையைத் தீர்க்கச் சங்கத்தால் முடியும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைத்து முடிக்கிறேன். பொங்கல் விழாவுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் செலவிடுகிறோம், செலவிடுவோம். அத்தோடு உப்புத்தாளும் உளியும் சுரண்டு தகடும் கொண்ட ஒரு பெட்டியைச் சங்கத்தில் வைப்போம். மழை நீங்கிய பின், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்போம். ஒரு தச்சரை, உரிய கூலி கொடுத்து, ஆசிரியராக அழைப்போம். ஆம், ஆசிரியராகவே! மேடை போட்டு மாலையிடும் நாம், அவரை நாற்காலியில் அமர்த்தி “ஐயா” என்று அழைத்துப் பாடம் கேட்போம். அந்த ஞாயிறு மெருகேறும் மேசைகள், படிப்பு முடித்துப் போகும் அண்ணன் அக்காமாரிடமிருந்து புதிதாக வரும் தம்பி தங்கையருக்குக் கைமாறட்டும்.

அவ்வாறு செய்தால், அடுத்த மே மாதத்தில் மாடிப்படியின் கீழே குவியல் சற்றுச் சிறிதாகும். என் அறைத்தோழரும் நானும் வரும் ஆண்டு இந்த ஊரைவிட்டுப் போகிறோம். மேசை போகாது. வேண்டுவோர் வந்து கேட்கலாம். விலை இல்லை, ஒரே நிபந்தனை உண்டு. மழைக்காலத்தில் அதற்கு மெருகு போடக்கூடாது!